பிள்ளை ஒட்டவில்லை என்கிறார்களே, இதற்கெல்லாம் பயிற்சி உண்டா?

கேள்வி | மார்ச் 3, இரவு 11.20

அக்கா, என் மகன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். 1.3 கிலோ. ஒரு மாதத்துக்கு மேல் ஐ.சி.யூ.வில் இருந்தான். வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகிறது. பால் குடிக்கிறான், எடை ஏறுகிறது. கவலை அவனைப் பற்றி இல்லை. "தூக்கினா யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாங்கி வெச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள் என் மனைவி. "பிறந்ததும் நெஞ்சுல போடலை, அதான் ஒட்டலை, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார் என் அம்மா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே, இது தானாக வரவேண்டியதில்லையா? வீட்டுக்கே வந்து பெற்றோருக்குப் பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். தாய்ப்பாசத்துக்கு டியூஷனா என்று வீடே சிரிக்கிறது. நர்ஸாக இருக்கிற உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மார்ச் 4, காலை 6.10

தம்பி, டியூட்டிக்குக் கிளம்புகிறேன், சுருக்கமாக இரண்டு விஷயம்.

ஒன்று, மனைவி தூங்குகிறாரா? பிள்ளை தூங்கும்போது அவருக்கும் தூக்கம் வருகிறதா, இல்லை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரா? சாப்பாடு இறங்குகிறதா? பிள்ளை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. மொத்தம் 10 கேள்வி, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். தமிழிலும் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்கி நிரப்பச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பாசப் பயிற்சி பேசுவது வீண்.

இரண்டு, பையனுக்குக் கண் பரிசோதனை ஆயிற்றா? விழித்திரையைப் பார்க்கும் சோதனை. நீங்கள் கேட்காதது, இருந்தாலும் கேட்கிறேன். தொழில் பழக்கம்.

மார்ச் 4, இரவு 9.45

கண் பரிசோதனை ஆயிற்று என்றீர்கள், நல்லது. கேள்வித்தாளை டாக்டர் பார்த்துவிட்டு, சோர்வு இருக்கிறது, பயப்படும் அளவில் இல்லை, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார் என்றீர்கள். சரி. மறக்காமல் அழைத்துப் போங்கள்.

இப்போது அம்மா சொன்ன "இனிமே ஒண்ணும் செய்ய முடியாது".

இந்த நம்பிக்கை வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, இதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் உண்டு. 1972-ல் அமெரிக்காவில் கிளாஸ், கென்னல் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் 28 தாய்மார்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு, பிறந்த முதல் மூன்று நாளில் பிள்ளையோடு கூடுதலாக 16 மணி நேரம் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் பிள்ளையை அதிகம் கவனித்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். இதிலிருந்து, முதல் சில மணி நேரம்தான் எல்லாம், அது போனால் போனதுதான் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. பிரசவ அறையில் தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகும் வழக்கம் பல இடங்களில் ஒழிந்ததற்கு இந்த ஆய்வுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த "போனால் போனதுதான்" பின்னால் வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை.

தத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரு வயதுக்குள் தத்துப் போனவர்கள், பெற்ற வீட்டிலேயே வளரும் பிள்ளைகளைப் போலவே வளர்ப்பவரிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் யாரும் பிறந்ததும் அந்தத் தாயின் நெஞ்சில் கிடந்தவர்கள் இல்லை. குறைமாதப் பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்கள் பத்திரமான ஒட்டுதலோடுதான், அதாவது பயந்தால் வளர்ப்பவரிடம் நம்பி வரும்படிதான், வளர்கிறார்கள். மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குக் குழப்பமான ஒட்டுதல், அதாவது பயந்த நேரத்தில் வளர்ப்பவரிடம் போவதா விலகுவதா என்று தடுமாறுவது, கொஞ்சம் அதிகம் தென்படுகிறது என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஜெயித்துக் காட்டுவதற்காக இல்லை. அவர் அந்த வாக்கியத்தை உங்கள் மனைவி காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லாமல் இருப்பதற்காக.

மார்ச் 6, இரவு 10.30

பயிற்சி என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர், "பத்து வகுப்பில் தாய்ப்பாசம், சான்றிதழ் உண்டு, கட்டணம் தனி" என்று எழுதியிருந்தார். நன்றாகச் சிரித்தேன்.

பாசத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. பிள்ளை காட்டும் ஜாடையைக் கவனிப்பது, அதைச் சரியாகப் புரிந்துகொள்வது, காலம் தாழ்த்தாமல் பொருத்தமாக ஏதாவது செய்வது, இவ்வளவுதான் சொல்லித்தருவது. மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் 1950-களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைப் பார்த்துக் கண்டுகொண்டதும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் உறுதி செய்ததும் இதைத்தான். பிள்ளை எந்த அளவு நம்பி ஒட்டுகிறது என்பது, அம்மாவுக்குள் எவ்வளவு அன்பு பொங்குகிறது என்பதைவிட, அழும்போது யார் எப்படி வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மனைவிக்குள் இப்போது ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுக்கிறார் இல்லையா? பிள்ளையின் கணக்கில் அது வரவுதான்.

சொல்லித்தந்தால் மாறுமா? நெதர்லாந்தில் வான் டென் பூம் என்ற ஆய்வாளர், பிறந்த சில நாளிலேயே அதிகம் சிணுங்குகிற 100 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். எல்லாம் வருமானம் குறைந்த குடும்பங்கள். பாதி வீடுகளுக்கு, பிள்ளைக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும் காலத்தில் மூன்றே முறை போனார்கள். பிள்ளை இப்போது என்ன கேட்கிறது, சிரிக்கும்போது என்ன செய்கிறீர்கள், அழும்போது என்ன செய்கிறீர்கள், அவ்வளவுதான் பேச்சு. ஒரு வயதில் பார்த்தால், பத்திரமாக ஒட்டியிருந்த பிள்ளைகள் போன வீடுகளில் 62 சதவீதம், போகாத வீடுகளில் 22. 1994-ல் வெளியான ஆய்வு.

மூன்று முறை போனதற்கு இவ்வளவா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு.

மார்ச் 7, காலை 5.50

ஒட்டுதல் என்றால் பிள்ளை இடுப்பை விட்டு இறங்காமல் இருப்பது என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். நேர்மாறு. ஒட்டிய பிள்ளைதான் தைரியமாக இறங்கிப் போகும், பயந்தால் ஓடி வரும்.

மார்ச் 9, பிற்பகல் 3.15

குறைமாதப் பிள்ளையிடம் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிறைமாதப் பிள்ளை பசித்தால் ஊரைக் கூட்டும். பார்த்தால் நேராகப் பார்க்கும். குறைமாதம் அப்படி இல்லை. அழுகை மெலிந்திருக்கும். ஒரு நிமிடம் முகத்தைப் பார்க்கும், பிறகு திரும்பிக்கொள்ளும். விக்கல், கொட்டாவி, தும்மல், விரல்களை விசிறிப்போல் விரித்து நீட்டுவது, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, இவை எல்லாம் "போதும், கொஞ்சம் நிறுத்து" என்பதற்கான ஜாடைகள். அம்மாவுக்கோ "என்னைப் பிடிக்கலை" என்று படுகிறது. அவர் இன்னும் பலமாகக் கொஞ்சுகிறார், பிள்ளை இன்னும் திரும்பிக்கொள்கிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

நான் வீடு பார்க்கப் போகும் ஒரு குடும்பம். பாயில் பிள்ளை. அம்மா கிலுகிலுப்பையை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஆட்டுகிறார். அவர் போனிலேயே ஐந்து நிமிடம் படம் பிடித்து, அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு இடத்தில் நிறுத்தினேன்.

"இங்க என்ன பண்றான்?"

"தலையைத் திருப்பிக்கிட்டான்."

"நீங்க?"

"நானும் அந்தப் பக்கம் போறேன்." கொஞ்சம் ஓடவிட்டோம். பிள்ளைக்கு விக்கல் வந்தது. அவரே, "அவனுக்குப் போதும்போல இருக்கு சிஸ்டர்" என்றார்.

அதோடு எழுந்து வந்திருந்தால் அந்த வருகையே பாழ். படத்தின் ஆரம்பத்துக்குப் போனோம். கிலுகிலுப்பையைக் கையில் எடுக்கும் முன்னால், அவர் சும்மா குனிந்து "எந்திரிச்சுட்டீங்களா" என்று கேட்கிறார். பிள்ளை கண்ணை அகல விரித்து அவரையே பார்க்கிறான், உதடு குவிகிறது. "இங்க யாரைப் பாக்குறான்?" என்று கேட்டேன். அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கணவர் வந்ததும் அவருக்கும் போட்டுக் காட்டினார்.

படம் பிடித்துக் காட்டும் இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஆறு வருகை. குறையைக் காட்டுவதைவிட, நன்றாக நடந்த சில நொடிகளை நிறுத்திக் காட்டுவதுதான் முக்கிய வேலை. இங்கிலாந்தில் 300 குடும்பங்களில் சோதித்து, 2021-ல் முடிவு வந்தது. அங்கே பிள்ளைகள் ஒன்று முதல் மூன்று வயதுக்காரர்கள், நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன.

மார்ச் 9, இரவு 8.00

போன் என்றதும் கேட்கிறீர்கள். ஆமாம், பால் கொடுக்கும்போது ரீல்ஸ் பார்ப்பது பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஒருத்தி விழித்திருக்க எதையோ பார்க்கிறாள். பகல் நேரத்தில் ஒரு வேளை போனை அடுத்த அறையில் வையுங்கள், போதும்.

மார்ச் 11, இரவு 10.05

"நம்ம ஊர்ல பாட்டி இருக்காங்க, இந்த வெள்ளைக்கார வித்தை எதுக்கு?"

பாட்டியைப் பற்றி நான் எழுத இருந்ததையே கேட்டுவிட்டீர்கள். லெய்டன் முறையில் ஒரு உத்தி, படம் ஓடும்போது பிள்ளைக்காகப் பேசுவது. "அம்மா, அது ரொம்பப் பக்கத்துல இருக்கு" என்று பிள்ளை சொல்வதாகப் பயிற்சியாளர் சொல்வார். நம் பாட்டி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டும்போது என்ன சொல்கிறார்? "என்ன கிழவி, இவ்வளவு சூடா ஊத்துறேன்னு கேக்குறீங்களா? சரி சரி, முடிஞ்சுது." அதேதான். பிள்ளைக்கு மனம் இருக்கிறது, அது எதையோ சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் பேசுவது. இதைக் கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு அது வாயில் வந்துவிடும்.

ஆனால் எல்லாப் பாட்டியும் அப்படி இல்லை. "கையிலேயே வெச்சிருந்தா கைப்பழக்கம் ஆயிடும், அழட்டும் விடு" என்பவரும் பாட்டிதான். முதல் ஆண்டில் அழுகைக்குப் போவதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை. அப்புறம், மருமகளை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைத் தானே எடுத்துக்கொண்டு, "உனக்குத் தெரியாது, குடு" என்று ஒரு நாளில் பல முறை சொல்லும் பாட்டிகளும் உண்டு. ஐ.சி.யூ.வில் எங்களைப் போன்றவர்கள் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையை நம்பாமல் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு இது கூடாது. தம்பி, உங்கள் வீட்டில் குளிப்பாட்டுவது யார்? அம்மா என்றால், துடைத்துச் சட்டை போடுவதையாவது மனைவியிடம் விடச் சொல்லுங்கள்.

மார்ச் 12, காலை 6.00

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பாட்டி பிள்ளையை எடுத்துக்கொள்வதே தப்பு என்று சொல்லவில்லை. மனைவி இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு அந்தக் கை வேண்டும்.

மார்ச் 14, இரவு 9.20

ஒரு தத்துத் தாய் தனிச்செய்தி அனுப்பினார், அனுமதியோடு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எட்டு மாதத்தில் வந்த பெண். விழுந்து அடிபட்டால் அம்மாவிடம் வருவதில்லை, தானே எழுந்து போய் மூலையில் உட்கார்கிறாள். "அவளுக்கு நான் வேண்டாம்போல, நானும் விட்டுவிடுகிறேன்."

விடாதீர்கள் அம்மா. டெலாவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர் பார்த்தது இதையேதான். வளர்ப்பு வீடுகளுக்கு வரும் பிள்ளைகள் ஆறுதல் வேண்டாததுபோல் நடந்துகொள்ளும், வளர்ப்பவர்களும் அதற்கேற்ப ஒதுங்கிவிடுவார்கள். அவர் உருவாக்கிய முறையில் முதல் பாடமே, பிள்ளை கேட்காவிட்டாலும் ஆறுதல் கொடு என்பதுதான். இரண்டாவது, விளையாட்டில் பிள்ளை போகும் வழியில் போ. மூன்றாவது, பயமுறுத்தாதே. கூச்சல், மிரட்டல், அழ அழக் கிச்சுகிச்சு மூட்டுவது கூட இதில் வரும்.

மொத்தம் பத்து வருகை. பயிற்சியாளர் சோபாவில் உட்கார்ந்து பாடம் எடுப்பதில்லை. வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, "அவ கைய நீட்டினா, நீங்க உடனே குனிஞ்சீங்க, பாத்தீங்களா" என்று நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்க எரிச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பலன் இருக்கிறது. கொடுமையோ புறக்கணிப்போ நடக்கலாம் என்று அரசுக் கண்காணிப்புக்கு வந்த குடும்பங்களின் 120 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். குழப்பமான ஒட்டுதல் இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 32 சதவீதம், வேறு பயிற்சி பெற்றவற்றில் 57. முடிவு வெளியானது 2012-ல்.

உங்கள் மகள் மூலைக்குப் போனால் நீங்களும் மூலைக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "வலிக்குதா கண்ணு" என்று கேளுங்கள். பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மார்ச் 15, பகல் 1.30

எச்சரிக்கை. ஒட்டுதலின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அமுக்கிப் பிடிப்பது, போர்வையில் சுருட்டுவது, "மறுபிறப்பு" கொடுப்பது என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். 2000-ல் அமெரிக்காவின் கொலராடோவில் இப்படி ஒரு பத்து வயதுத் தத்துச் சிறுமி மூச்சுத்திணறிச் செத்தாள். செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள். நான் இங்கே பேசும் எதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளையை எப்போதும் தூக்கியே வை, கூடவே படுக்க வை என்று ஒரு வளர்ப்புக் கொள்கை இருக்கிறதே, அதுவும் வேறு. அதைச் செய்யாதவர்கள் பிள்ளை ஒட்டாது என்பது பொய்.

மார்ச் 17, இரவு 11.00

பிள்ளையை வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை பற்றி ஏன் இன்னும் பேசவில்லை என்று கேட்டிருந்தார் ஒரு அப்பா. அவர் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் ஆரம்பித்தது. இன்குபேட்டர் பற்றாக்குறை, ஒன்றில் இரண்டு மூன்று பிள்ளைகள், கிருமித்தொற்று. தாய்மார்கள் பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போவதும் அங்கே பெரிய கவலை. தாயின் நெஞ்சே இன்குபேட்டர் என்று கட்டிவிட்டார். ரொம்ப நாள் இதை "ஏழை நாட்டு வைத்தியம்" என்றுதான் பேசினார்கள். 2021-ல் வந்த பெரிய ஆய்வு கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகளிடம் நடந்தது. உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனே கட்டியவர்களில் 28 நாளுக்குள் இறந்தது 12 சதவீதம், காத்திருந்து கட்டியவர்களில் 15.7. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022-லிருந்து உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது.

அப்பாவும் செய்யலாம். எங்கள் பிரிவில் லாரி ஓட்டும் ஒருவர். சுற்றிலும் பெண்கள், சட்டையைக் கழற்ற ஒரே கூச்சம். திரை போட்டுக் கொடுத்தோம். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி காலை மடக்கி, மூக்கு அமுங்காமல் தலையை ஒருபக்கம் திருப்பி, துணியைக் கட்டினேன். மனிதர் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, உதட்டை மட்டும் அசைத்து, "சிஸ்டர், நான் மூச்சு விடலாமா?"

விடலாம் என்றேன். மறுநாள் அவரே வந்து "என் டர்ன் எப்போ" என்று கேட்டார்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் பையன் இரண்டரைக் கிலோ தாண்டாமல், நெளிந்து வெளியே வரப் பார்க்காமல் இருந்தால் வீட்டிலும் தொடரலாம். நீங்கள் கட்டிக்கொள்ளும்போது மனைவி தூங்கட்டும்.

மார்ச் 20, இரவு 10.15

மூன்று வருகை, 62-க்கு 22 என்றேனே, அந்தச் சந்தேகம்.

அந்த நெதர்லாந்து எண்ணிக்கை விதிவிலக்கு. 2003-ல் பேக்கர்மன்ஸ்-கிரானன்பர்க், வான் ஐசன்டோர்ன், யுஃபர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 70 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையைக் கவனிக்கும் விதத்தில் ஓரளவு முன்னேற்றம், பிள்ளையின் ஒட்டுதலில் அதைவிடக் குறைவான முன்னேற்றம். பெரிய அதிசயம் எதுவுமில்லை. ஆனால் ஒன்று சுவாரசியம்: 16-க்கு மேல் வருகை வைத்த நீண்ட திட்டங்களைவிட, குறைந்த வருகையில் ஒரே விஷயத்தைச் சொல்லித்தந்தவை நன்றாக வேலை செய்தன. உன் குழந்தைப்பருவத்தைப் பற்றிப் பேசு, உன் மனத்தை ஆராய் என்று இழுத்தவை பின்தங்கின.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நீண்ட திட்டங்களில் சேர்க்கப்படுகிற குடும்பங்கள் பெரும்பாலும் அதிகச் சிக்கல் உள்ளவை. வீட்டில் அடி, குடி, கடன். அங்கே ஆறு வருகையில் என்ன செய்துவிட முடியும்? என் அனுபவத்தில், புருஷன் குடித்துவிட்டு வரும் வீட்டில் நாங்கள் போன் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்ணின் கண் வாசலில்தான் இருந்தது. அவளுக்கு முதல் தேவை வேறு.

மார்ச் 21, காலை 6.20

"இதெல்லாம் படித்த சைக்காலஜிஸ்ட் வந்து செய்தால்தானே?" இல்லை. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனுக்குப் பக்கத்தில் கயலிட்ஷா என்ற பெரிய குடியிருப்பு, கடும் வறுமை. அதே ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பிள்ளைக்கு ஆறு மாதம் வரை 16 முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறந்த பிள்ளைக்கு என்னென்ன தெரியும், எதைத் திரும்பிப் பார்க்கிறது என்று தாய்க்கு நேரில் காட்டுவதும் அதில் ஒரு பகுதி. 449 பெண்கள். ஒன்றரை வயதில் பத்திரமான ஒட்டுதல் 74 சதவீதம், வருகை இல்லாதவர்களிடம் 63. வெளியானது 2009.

நம் கிராம சுகாதாரச் செவிலியர்களால் இது முடியுமா என்றால், முடியும். ஆனால் அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளை யார் எழுதுவது? பணியோடு பணியாக இதையும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால், ஒரு நோட்டில் டிக் விழும், அவ்வளவுதான்.

மார்ச் 24, இரவு 9.00

மனைவியிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்ததாகவும், விக்கல் விஷயத்தை மட்டும் திரும்பப் படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சரி. வேறெதையும் இப்போது படிக்க வைக்க வேண்டாம். டாக்டர் சொன்ன மறு தேதிக்குப் போய் வந்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

மார்ச் 26, காலை 6.05

போய் வந்தீர்கள், தூக்கம் பரவாயில்லை, நல்லது. வீட்டுக்கு வருபவரை எங்கே தேடுவது என்றீர்கள். உங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், குறைமாதப் பிள்ளைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் போங்கள். பிசியோதெரபிஸ்ட் பார்க்கும்போது மனைவியும் உள்ளே இருக்கட்டும், வெளி பெஞ்சில் உட்கார வைக்க விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறது, இவன் இன்னும் சிரிக்கவில்லை என்று உங்கள் அம்மா ஒப்பிடுகிறாரே, அதற்கும் பதில்: இவன் 9 வாரம் முன்னால் வந்தவன். பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள், டாக்டர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். சிரிப்பு, கழுத்து நிற்பது, உட்காருவது எல்லாவற்றுக்கும் இரண்டு வயது வரை அந்தக் கணக்குதான். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி.